ராக்கெட்டுக்குப் போன விளக்கெண்ணெய்

பழைய தவிட்டெண்ணெயை ஒருமுறை முகர்ந்தவனுக்கு அந்த வாடை மூக்கை விட்டுப் போகாது. ஈரச் சாக்கும் கெட்டுப்போன அரிசியும் சேர்ந்து புளித்தது போல இருக்கும். விளக்கெண்ணெயின் வாடை வேறு. அதுவும் குமட்டும்தான், ஆனால் அதில் புளிப்பு இல்லை. வில்லியனூரில் ஓர் எண்ணெய் ஆலையில் கொஞ்ச காலம் நான் பார்த்த வேலையே இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான். அதுவும் ராக்கெட்டுக்காக. சொன்னால் யாரும் நம்புவதில்லை. நானே அன்றைக்கு முதலில் நம்பவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் பாகூர் ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அக்காவைக் கிருமாம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. நான் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குப் போய் வேதியியலில் பி.எஸ்ஸி. முடித்தேன். முடித்தபிறகு ஒரு வருஷம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். படித்தவனை நடவுக்குக் கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை, வேறு வேலைக்குக் கூப்பிடவும் ஆளில்லை. அப்போதுதான் வில்லியனூர் கடைத்தெருவில் தலைமுறையாக எண்ணெய் வியாபாரம் செய்துவந்த ஒரு முதலாளி, கெமிஸ்ட்ரி படித்த பையன் ஒருவன் வேண்டும் என்று சொல்லியனுப்பினார்.

போனேன். கல்லாவில் உட்கார்ந்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தூருடா?"

சொன்னேன். ஊரைச் சொன்னதும் தெருவைக் கேட்டார். தெருவையும் சொன்னேன். கல்லாப் பெட்டியை ஒருமுறை திறந்து மூடினார்.

"சரி, படிச்சிருக்கல்ல. வாங்குற கம்பெனிக்காரன் அதத்தான் கேக்குறான். உன் வேலை பின்னால குடோன்ல. கடைக்குள்ள வரவேண்டிய அவசியம் இருக்காது."

வேலை கிடைத்த சந்தோஷத்தில் அந்தக் கடைசி வார்த்தை எனக்கு அன்று உறைக்கவில்லை. டீ வந்தபோது எனக்கு மட்டும் அலுமினியக் குவளையில் வந்தது. அப்போது உறைத்தது.

விஷயம் இதுதான். ராக்கெட்டின் எரிபொருளை எல்லாரும் மண்ணெண்ணெய் போல ஊற்றி நிரப்புகிற ஒன்றாக நினைக்கிறார்கள். நம் ஆட்கள் அப்போது செய்துகொண்டிருந்தது அப்படியல்ல. எரிகிற பொடிகளை ஒரு பசையில் போட்டு அல்வா மாதிரிக் கிண்டி, குழாய்க்குள் வார்த்து இறுக வைப்பார்கள். அந்தப் பசையை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், விளக்கெண்ணெயை வைத்தே ஒரு பசை செய்யலாம் என்று நம்மவர்கள் கண்டுபிடித்தார்கள். அதைப் பெரிய அளவில் செய்துகொடுக்க மெட்ராஸில் ஒரு தனியார் கம்பெனி முன்வந்தது. அந்தக் கம்பெனிக்குச் சுத்தமான விளக்கெண்ணெய் வேண்டும். எங்கள் முதலாளிக்கு ஆர்டர் கிடைக்கிற மாதிரி இருந்தது. முதல் லோடு சரியாகப் போனால் வருஷ ஆர்டர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. என் வேலையும் அந்த முதல் லோடில்தான் தொங்கியது.

என் வேலை மட்டுமா? எனக்கு அப்போது வேறொரு நினைப்பும் இருந்தது. கொட்டமுத்து என்று நாங்கள் சொல்கிற ஆமணக்கு, எங்கள் பக்கத்தில் குப்பைமேட்டிலும் வரப்போரத்திலும் தானாக முளைக்கிற செடி. அது வானத்துக்குப் போகப் போகிறது, போகிற வழியில் நான் நிற்கிறேன் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் இதைச் சொன்னதுதான் நான் செய்த முதல் தப்பு.

"ராக்கெட்டுக்கு இன்னாத்துக்குடா விளக்கெண்ண? அதுக்கும் மலச்சிக்கலா?" என்றார் டீ ஆற்றுகிறவர்.

"பின்னாடி அப்டி பீச்சிகினு போனாத்தான மேல போவும்," என்றான் பெஞ்சிலிருந்த ஒருத்தன்.

அதன்பிறகு நான் பஸ்ஸுக்கு நின்றாலே போதும், யாராவது ஒருத்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே கையைக் காட்டுவார்கள். நானும் சிரித்துவிட்டு ஏறிப் போவேன்.

குடோனில் ஒரு மூலையைக் கழுவி, பலகை போட்டு, சோதனைக் குழாய்களை வரிசையாக நிறுத்தினேன். செய்யவேண்டிய சோதனைகளில் முக்கியமானது மிகவும் எளிது. விளக்கெண்ணெய் சுத்தமான ஸ்பிரிட்டில் கரையும். மற்ற எண்ணெய்கள் கரையாது. குழாயில் கொஞ்சம் எண்ணெய், அதற்குமேல் ஸ்பிரிட், நன்றாகக் குலுக்கு. கண்ணாடி மாதிரித் தெளிந்து நின்றால் சுத்தம். பால் மாதிரிக் கலங்கினால் கலப்படம். அதற்கான ஸ்பிரிட் பாட்டிலைப் பர்மிட் போட்டுப் புதுச்சேரியிலிருந்து வாங்கி வந்து பலகைக்கடியில் வைத்திருந்தேன்.

ஆலையின் அன்றாடத்தைப் பார்த்துக்கொண்டவர் முதலாளியின் மச்சான். நல்ல மனுஷன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். யாரையும் அதட்டமாட்டார். எப்போதும் வெற்றிலை வாய். என்னைச் சயின்டிஸ்ட்டு என்றுதான் கூப்பிடுவார்.

ஆலையில் புது எண்ணெய் பிழிந்து டின்களில் நிரப்ப ஆரம்பித்த வாரம், நான் எடுத்த எல்லா மாதிரியும் கலங்கியது. முதல் டின், இரண்டாவது டின், எல்லாமே பால். என் கண்ணெதிரே பிழிந்த எண்ணெய் எப்படிக் கலங்கும்? முதலாளியிடம் ஓடினேன். டின் நிரப்புவது நிறுத்தப்பட்டது. செக்கு ஆட்கள் என்னைக் கொலைகாரனைப் போலப் பார்த்தார்கள். புதுச்சேரிக்குப் போய்ப் புது ஸ்பிரிட் வாங்கி வந்து திரும்பவும் செய்தேன். எல்லா டின்னும் தெளிவாக நின்றது.

பழைய பாட்டிலை முகர்ந்து பார்த்தேன். பாதிக்குமேல் தண்ணீர். ஸ்பிரிட்டில் தண்ணீர் இருந்தால் நல்ல விளக்கெண்ணெயும் கரையாது.

மச்சான் ஒளிக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"நான்தாம்பா எடுத்தேன். டெய்லி ரெண்டு மூடி. குடிச்சா நெஞ்சுல சும்மா ஜிவ்வுன்னு இறங்குது."

"சார், அது சோதனைக்கு வச்சது."

"தெரியும்பா. அதான் எடுத்த அளவுக்குத் தண்ணி ஊத்தி வச்சேன். நாளைக்கு உன் பாட்டில் கொறைஞ்சா உன்னத்தான கேப்பாங்க? நான் உனக்குக் கெடுதல் பண்ணுவனா?"

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. எனக்கு நல்லது செய்ததாகவே அவர் நினைத்தார். நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, வைக்கோல் போருக்குப் பின்னால் போய்த் துப்பினேன். ஏன் துப்பினேன் என்று தெரியவில்லை. வாயெல்லாம் கசந்தது.

முதலாளியிடம் பாட்டிலில் தண்ணீர் என்று மட்டும் சொல்லி, மச்சானைக் காட்டிக்கொடுக்காமல் அதோடு விட்டேன். அதன் வினை பிறகுதான் தெரிந்தது.

லோடு அனுப்புவதற்குச் சில நாட்களுக்குமுன் இரண்டு மாட்டுவண்டி நிறைய டின்கள் வந்து இறங்கின. பாகூர் பக்கத்து அரிசி ஆலைகளின் தவிட்டிலிருந்து சோப்புக்காக எடுக்கிற எண்ணெய். மூடியைத் திறக்கும்முன்பே அந்தப் புளித்த வாடை வந்துவிட்டது. நான் பார்க்கப் பார்க்கவே அதை விளக்கெண்ணெய்த் தொட்டியில் ஊற்றினார்கள். பெரிய கரண்டியால் கிளறினார்கள். கெட்டியாக, தேன் மாதிரி இழுபட்டுக்கொண்டிருந்த எண்ணெய் இளகி, கஞ்சித் தண்ணி போல ஓடியது. தொட்டி ஓரத்தில் செத்துக் கிடந்த ஒரு பல்லியையும் கரண்டி உள்ளே இழுத்துப் போனது. கிளறியவன் அதை இரண்டு விரலால் எடுத்துத் தரையில் போட்டுவிட்டுத் தொடர்ந்து கிளறினான்.

மாதிரி எடுத்துக் குலுக்கினேன். பால். அந்தக் குழாயையே கையில் பிடித்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். கடைக்குள் போகக்கூடாது என்பதால் வாசற்படியில் நின்றபடி பேசினேன்.

"மொதலாளி, கலங்குது. தவிட்டெண்ண கலந்துட்டாங்க."

"போன தடவையும் இப்டித்தான் ஓடியாந்த. கலங்குது, கலங்குதுன்ன. அப்புறம் உன் பாட்டில்லதான் தண்ணின்ன. உன் பாட்டில நம்பறதா, நாப்பது வருஷ யாவாரத்த நம்பறதா?"

"இது புது ஸ்பிரிட்டு மொதலாளி. மச்சான் இன்னும் இதத் தொடல."

உள்ளே யாரோ சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். பிறகு அவர் என்னிடம் கோபமில்லாமல், பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பேசினார். அதுதான் எனக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது.

"த பாரு. நான் இல்லன்னு சொல்லல. கலந்துதான் கீது. ஊர்ல எவன் கலக்காம விக்கிறான்? மாதிரின்னு ஒரு குப்பி குடுக்குறோம். அது சுத்தம். சரக்கு கொஞ்சம் கீழதான் இருக்கும்னு வாங்குறவனுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் வெலையக் கொறைச்சுக் கேப்பான். நானும் தெரிஞ்சுதான் கொறைச்சுக் குடுக்குறேன். இவங்களுக்கும் ஆரம்பத்துலயே கொறைச்சுத்தான் போட்டுக் குடுத்துருக்கேன். கலக்காம இந்த வெலைக்குக் குடுத்தா நான் தெருவுலதான் நிக்கணும். இதுல ஏமாத்து எங்கருந்து வந்துச்சு?"

"அவங்களுக்கு அது தெரியாது மொதலாளி. அவங்க மாதிரி எப்டியோ டின்னும் அப்டியேன்னு நினைப்பாங்க. அது ராக்கெட்டுக்குள்ள போவுது."

"யாவாரம் பண்ண வர்றவனுக்கு யாவாரம் தெரியாதா?"

அவர் பொய் சொல்லவில்லை என்பது அப்போதே எனக்குப் புரிந்தது. வில்லியனூர்க் கடைத்தெருவில் அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அங்கே மாதிரிக் குப்பி என்பது கல்யாணத்துக்குப் பெண்ணை அலங்கரித்துக் காட்டுவது மாதிரி. பார்க்கிறவர்கள் கழித்துக்கொண்டுதான் பார்ப்பார்கள். ராக்கெட் செய்கிறவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று இவர் மனதார நம்பினார். கம்பெனிக்காரர்களோ, இவ்வளவு மலிவாக யாரும் தரவில்லையே என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

அனுப்பும்முன் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று தகவல் வந்தது. எனக்கு உயிர் வந்தது. அவரிடம் சொல்லிவிடலாம், சுத்தமான எண்ணெயும் இதே ஆலையில் பிழிய முடியும், விலையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிடலாம். இரண்டு பக்கமும் கெடாது. வேலையும் இருக்கும், ராக்கெட்டும் நல்லபடியாகப் போகும். அவரிடம் சொல்ல இங்கிலீஷில் சில வாக்கியங்களை மனப்பாடம்கூடச் செய்துகொண்டேன்.

அந்த நாள் காலையில் மச்சான் என் கையில் ஒரு பையைக் கொடுத்தார்.

"சயின்டிஸ்ட்டு, நல்லவாடு குப்பத்துக்குப் போய் வஞ்சிரம் வாங்கியா. பெருசாப் பாத்து. ஆபீசர் சாப்புடுவாரு. வேற எவனப் போட்டாலும் ஏமாந்துட்டு வருவான்."

நான் எதற்காக அனுப்பப்படுகிறேன் என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். நல்லவாட்டுக் கரையில் கட்டுமரங்கள் வந்து மீனைக் கொட்டிக்கொண்டிருந்தன. ஏலம் முடிகிறவரை நிற்கவேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மீன் தண்ணீர் பையிலிருந்து கசிந்து என் பேண்டில் இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள்.

ஆலைக்குள் நுழைந்தபோது அதிகாரி குடோனில் இருந்தார். ஒடிசலான மனிதர், சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். முன்வரிசை டின்களை மச்சான் காட்ட, அவர் அவற்றைத் தாண்டிப் போய்ப் பின்வரிசையில் ஒரு டின்னைத் திறக்கச் சொன்னார். நீளமான கண்ணாடிக் குழாயை அடிவரைக்கும் விட்டு எண்ணெயை எடுத்தார். தன் கைப்பையிலிருந்து சொந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தார். குலுக்கினார். பால்.

இன்னொரு டின். பால். இன்னொன்று. பால்.

"டெஸ்ட் பண்றது யாரு?"

"த, நம்ம பி.எஸ்ஸி.தான்," என்று முதலாளி என்னைக் காட்டினார். அதிகாரி திரும்பிப் பார்த்தார். மீன் சொட்டுகிற பையோடு நான் நின்றேன். மனப்பாடம் செய்த இங்கிலீஷ் ஒன்றும் வரவில்லை.

"சார், நான் சொன்னேன். கலங்குதுன்னு சொன்னேன் சார்."

"யார்கிட்ட சொன்னே?"

நான் முதலாளியைப் பார்த்தேன்.

"அவர்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? கலந்ததே அவர்தானே," என்றார் அதிகாரி. குழாயைக் கைக்குட்டையால் துடைத்தார்.

முதலாளி மாதிரிக் கதையை ஆரம்பித்தார். வெலையக் கொறைச்சுத்தான குடுத்தோம், வேணும்னா இன்னும் கொஞ்சம் கழிச்சுக்குங்க என்றார். அதிகாரி கடைசிவரை கேட்டார். கேட்டபிறகு அவர் பேசியது முதலாளியிடமா, தனக்குத்தானா என்று தெரியவில்லை.

"எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் வெளிநாட்டுலேருந்தே வாங்கலாம்னாங்க. நம்ம ஊர் வியாபாரிங்களை நம்ப முடியாதுன்னாங்க. நான்தான் சண்டை போட்டேன். அவங்களுக்கு ஒரு சான்ஸ் குடுக்காமலே எப்படிச் சொல்லலாம்னு கேட்டேன். நாளைக்கு நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு அந்த ரூமுக்குள்ள போவேன்?"

"சாப்புட்டுப் பேசலாம் சார். வஞ்சிரம் வந்துடுச்சு," என்றார் மச்சான்.

அதிகாரி கையைக் கழுவக்கூட இல்லை. காரில் ஏறிப் போய்விட்டார். நான் கார் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தேன். நல்ல எண்ணெய் முடியும் சார் என்று சொல்லத்தான். கார் திரும்பி மறைந்தது.

மீன் வீணாகவில்லை. முதலாளியும் மச்சானும் வாழையிலை போட்டு உட்கார்ந்தார்கள். அதிகாரிக்காக வாங்கி வைத்த பிராந்தியையும் திறந்தார்கள். எனக்கும் ஒரு துண்டு குடோனுக்கு அனுப்பினார்கள், இலைக்கிழிசலில் வைத்து. என் கையிலேயே மூன்று நாற்றமும் இருந்தது, மீன், விளக்கெண்ணெய், தவிட்டெண்ணெய். துண்டை நாய்க்குப் போட்டேன். அது நன்றாகவே சாப்பிட்டது.

ஆர்டர் போயிற்று. என்னை நிறுத்தவில்லை, கூப்பிடவும் இல்லை. "போயேன், வாயேன், உன் இஷ்டம்" என்றார் மச்சான். கொஞ்ச நாள் போனேன். கடைசியில் அரியாங்குப்பம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை கிடைத்ததும் நின்றுவிட்டேன். கழிக்கப்பட்ட டின்கள் அப்போதும் குடோனில் அடுக்கியபடியே கிடந்தன.

பிறகு ஒரு நாள் நம் ராக்கெட் கடலில் விழுந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். நான் வேறு வேலைக்குப் போயும் டீக்கடை என்னை மறக்கவில்லை. "உன் எண்ண ஓவராப் போயிடுச்சாடா? நடுவழியிலயே புடுங்கிக்கிச்சே," என்றார்கள். எங்கள் ஆலையின் ஒரு சொட்டுகூட அதில் இல்லை என்று சொன்னேன். அதைச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததே எனக்கு வெட்கமாகவும் இருந்தது. விழுந்தது நம் ராக்கெட்தானே. அடுத்த வருஷம் அடுத்த ராக்கெட் சரியாக மேலே போயிற்று. பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். நானும் இரண்டு வாங்கித் தின்றேன்.

அந்த மாதக் கடைசியில் அக்காவைப் பார்க்கக் கிருமாம்பாக்கம் போனேன். அவள் பிள்ளை பெற்று இரண்டு மூன்று மாதமிருக்கும். வாசலில் காலை நீட்டி, குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து குழந்தையைத் தூக்கப் போனவன் அப்படியே நின்றேன். புளித்த வாடை.

"இன்னாடா எண்ண இது?"

"உன் எண்ணதான்டா," என்றாள் சிரித்துக்கொண்டே. முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன டின்னை எடுத்துக் காட்டினாள். பளபளப்பான சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. நெருப்பைக் கக்கிக்கொண்டு மேலே போகிற ராக்கெட் படம். விண்வெளி ஆராய்ச்சிக்கு அனுப்பப்பட்ட அசல் விளக்கெண்ணெய், குழந்தைகளுக்கும் தாய்மார்களுக்கும் ஏற்றது என்று எழுதியிருந்தது. கீழே எங்கள் முதலாளியின் கடை விலாசம்.

அனுப்பப்பட்டது என்பது முழுப் பொய்யில்லை. ஏற்றத்தான் அடுக்கினார்கள். ஏற்றவில்லை, அவ்வளவுதான். ஒன்றரை வருஷம் குடோனில் கிடந்து ஊசிப்போன எண்ணெய்.

"அக்கா, இத்தத் தேய்க்காத. இது கழிச்சுப் போட்ட சரக்கு. பாதி தவிட்டெண்ண. பல்லி விழுந்தது."

"கடைக்காரன் சொன்னான்டா. உங்க தம்பி இருந்து செஞ்சதும்மான்னான். இந்தத் தெருவுல எல்லார் வூட்லயும் இதான். நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன், என் தம்பி செஞ்சதுன்னு."

"நான் செய்யல. நான் வேணாம்னு சொன்னேன்."

"வாசனை கொஞ்சம் ஒரு மாதிரிதான் கீது. மருந்து எண்ணன்னா அப்டித்தான இருக்கும்?"

என் துண்டை எடுத்துக் குழந்தையின் தலையைத் துடைத்தேன். உச்சியில் குழகுழவென்று இருந்த இடத்தில் அழுத்தவும் பயம். துடைக்கத் துடைக்க அது வீரிட்டு அழுதது. வாடை போகவில்லை. டின்னைப் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்க்கப் போனேன். அக்கா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு இன்னாடா வந்துச்சு? காசு குடுத்து வாங்குனது. மேல போன எண்ணன்னு ஊரே சொல்லுது. நீ மட்டும் ஏன்டா உன்னியே எறக்கிப் பேசுற?"

அவளிடம் ஸ்பிரிட்டைப் பற்றியும் சோதனைக் குழாயைப் பற்றியும் சொன்னேன். அதிகாரி திரும்பிப் போனதைச் சொன்னேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு, "சரி விடு, தலைக்கு வேணாம்னா காலுக்குத் தேய்க்கிறேன்," என்றாள்.

டின்னை என் கையிலிருந்து வாங்கி மூடியை அழுத்தி மூடினாள். உள்ளே போய்ச் சாமி படத்துக்குப் பக்கத்துப் பலகையில், ராக்கெட் வெளியே தெரிகிற மாதிரித் திருப்பி வைத்தாள்.